திரும்பி வந்த கட்டில்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். எது தேக்கு, எது வேங்கை, எந்தப் பாலிஷ் எத்தனை மழைக்குத் தாங்கும் என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. மிச்சத்தை நீங்கள் எப்படியும் போனில் பார்த்துக்கொள்வீர்கள். விழுப்புரத்தில் இந்தக் கடையின் கட்டில் பிரிவில் நின்று நின்றே என் கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டுவிட்டது. அந்த உரிமையில் நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். காட்.

சிரிக்காதீர்கள். இந்தச் சின்னச் சொல் ஆளுக்கு ஆள் என்ன பாடுபடுகிறது என்று தெரியாமல் இந்தப் பிரிவில் நிற்க முடியாது. நம் பக்கத்தில் "கட்டில் வேணும்" என்று வருகிறவரும் "காட் வேணும்" என்று வருகிறவரும் ஒரே ஆள் இல்லை. கட்டில் என்று கேட்கிறவரின் மனதில் நாடா பின்னிய இரும்புக் கட்டில் இருக்கும். அதில் மல்லாட்டைக் கடலையும் காயவைக்கலாம், மதியம் புரளவும் செய்யலாம். காட் என்று கேட்டால் அந்த வீட்டில் ஏதோ விசேஷம் என்று புரிந்துகொள்ளுங்கள். அதற்குத் தலைப்பலகை வேண்டும், வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும். விடுதி வார்டன் வந்தால் அவருக்குக் காட் என்பது ஒரு பிள்ளை. "இந்த வருஷம் காட் பத்தல" என்று அவர் புலம்பினால் சேர்க்கை நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட் என்பது நோயாளி. "அந்த காட் காலியாயிடுச்சு" என்று அவர்கள் சொன்னால் மேற்கொண்டு ஒன்றும் கேட்காதீர்கள். படுத்திருந்தவர் குணமாகி வீட்டுக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம்.

செஞ்சி ரோட்டில் இருக்கும் தன் அப்பாவுக்குக் கட்டில் வாங்க, லண்டனில் இருந்து ஒரு பெண் வீடியோவில் பேசினாள். நான் காட் காட் என்று சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கே காட் என்றால் சுற்றிலும் கம்பி வைத்த குழந்தைக் கட்டில்தானாம். அமெரிக்காவில் இருக்கும் அவள் தோழிக்கோ அது மடக்கித் தூக்கிப்போகும் கித்தான் துணிக் கட்டிலாம். "எங்கப்பாவ தொட்டில்ல போடுற மாதிரியே இருக்குது ஆன்ட்டி" என்றாள். இன்னொரு நாள் மேசை வாங்க வந்த ஓர் ஆங்கில ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். இந்திக்காரர்கள் கட்டிலுக்குச் சொல்லும் பழைய சொல்தான் வெள்ளைக்காரன் வாயில் ஏறி ஊரெல்லாம் சுற்றிவிட்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது என்றார் அவர். மேசையை வாங்காமல் போய்விட்டார், ஆனால் இந்த ஒரு செய்திக்காக அவரை மன்னித்துவிட்டேன்.

இத்தனை பேருக்கு இத்தனை விதமாக இருக்கும் ஒரு பொருளை எப்படி விற்பது? எனக்கு முன்னால் இந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர் இருந்தார். பேரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் விட்டுவிடுகிறேன். வருகிறவரிடம் நீளம் அகலம் கேட்காதே, விலை கேட்காதே, முதலில் ஒன்றை மட்டும் கேள் என்பார். "இதுல யாரு படுக்கப் போறாங்க?" அவ்வளவுதான். பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கோட்டக்குப்பத்தில் இருந்து ஒரு பாய் மனைவியோடு வந்தார். பாண்டிச்சேரியில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு வந்திருந்தார்கள். வளைகுடாவில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று ஊரோடு வந்துவிட்டவர். யார் படுக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். நானும் இவங்களும்தான் என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கட்டிலில் மல்லாந்து படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். எல்லாரும் பார்க்கிறார்கள், எழுந்திருங்கள் என்று அந்தம்மா கெஞ்சினார்.

"அங்க எனக்குக் கெடச்சது ரெண்டடுக்குல கீழ் காட்டுதான்க்கா" என்றார் அவர், என்னைப் பார்க்காமலேயே. "மேல படுத்துக்கினு இருக்குறவன் பொரண்டான்னா எம் மூஞ்சியில தூசி கொட்டும். கூரைய பாத்துத் தூங்கி எத்தினி வருஷமாச்சு."

அந்த நேரத்தில் போய் நான் தள்ளுபடி பற்றிப் பேசியிருந்தால் என்னைவிட முட்டாள் விழுப்புரத்தில் இருந்திருக்க மாட்டாள். தள்ளி நின்றேன். அவர் அந்தக் கட்டிலையே எடுத்துக்கொண்டார், பக்கத்தில் இருந்த அலங்காரக் கட்டில்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலில் படுத்துப் பார்க்கிறவர் பக்கத்தில் போகாதீர்கள். அவராக எழுந்து வரட்டும்.

பெரியவர் எனக்குக் கற்றுத்தந்த இன்னொரு விதியும் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தேன். அது கல்யாணக் கட்டில் பற்றியது.

நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பே சீர்ப் பொருள்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். பீரோ போகும், மிக்ஸி போகும், பாத்திரம் போகும். ஆனால் தெரு எட்டிப் பார்ப்பது கட்டிலைத்தான். அதனால் குட்டியானை வண்டியில் தலைப்பலகையை நிமிர்த்திக் கட்டி, பூச்சரம் சுற்றி, தெருமுனையில் இருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு போவோம். அறைக்குள் மாட்டி முடித்ததும் அதில் யாரையும் உட்கார விடமாட்டார்கள். சுமங்கலி ஒருத்தி விரிப்புப் போட்டதும் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த வீட்டுப் பெண்களோடு பேசவும் எந்தப் பக்கம் தலைமாடு என்று முடிவு செய்யவும் ஒரு பெண் வேண்டும் என்று முதலாளி என்னை வண்டியோடு அனுப்புவார். நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவச்சி. ஆனாலும் வாஸ்து எனக்கு அத்துப்படி, வடக்கே தலைவைக்க ஒருவரையும் விட்டதில்லை.

போகிற கட்டிலில் ஒன்றிரண்டு திரும்பியும் வரும். கல்யாணம் நிலைக்காமல் போனால், இரண்டு பக்கமும் பெரியவர்களை வைத்துப் பேசி, சீரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மற்றதை யார் வேண்டுமானாலும் தூக்கிவிடலாம். கட்டிலைக் கழற்றத் தெரியாதவன் கை வைத்தால் பொருத்து விண்டுபோகும். அதனால் நம்மைக் கூப்பிடுவார்கள். அப்போதுதான் பெரியவரின் இரண்டாம் விதி. "போறப்ப தொறந்து போகணும், வர்றப்ப மூடி வரணும்" என்பார். வேடிக்கை பார்க்கிற கண்ணுக்கு நாம் ஏன் தீனி போட வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காகவே டிரைவர் ஏழுமலை சீட்டுக்கு அடியில் ஒரு நீலத் தார்ப்பாய் வைத்திருப்பார். எத்தனையோ முறை அதன் கயிற்றை நானே இழுத்துக் கட்டியிருக்கிறேன். அது இரக்கத்தில் பிறந்த விதி என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

தேவகி தன் அப்பாவோடு கடைக்கு வந்தது ஒரு முகூர்த்த மாதத்தில். ஊர் திண்டிவனம். அப்பா சண்முகம் மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர், எதைப் பார்த்தாலும் ஒரு முறை தூக்கிப் பார்க்கும் ஆள். நம் கட்டிலின் காலைக்கூடத் தூக்கிப் பார்த்தார். தேவகி ஒரு கணினி மையத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அரசுத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருந்தாள். மயில் செதுக்கியது, கண்ணாடி பதித்தது என்று அப்பா காட்டியதையெல்லாம் விட்டுவிட்டு, செதுக்கு வேலை ஒன்றுமே இல்லாத தேக்குக் கட்டில் ஒன்றின் முன்னால் நின்றாள். தலைப்பலகை உயரமாக, லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். அதில் முதுகை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல சாஞ்சிக்கினு படிக்கலாம்பா" என்றாள். சண்முகத்துக்கு மயில்தான் பிடித்திருந்தது. ஆனாலும் மகள் சொன்னதையே எடுத்தார்.

மாப்பிள்ளை ஊர் மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வழக்கம்போலப் பூச்சுற்றி, ஹாரன் அடித்து, கட்டிலைக் கொண்டுபோய் மாட்டினோம். மாப்பிள்ளையின் அம்மா எங்களுக்குப் பாயசம் கொடுத்தார். தெருப் பெண்கள் தலைப்பலகையைத் தட்டிப் பார்த்து, நல்ல மரம் என்றார்கள்.

வருஷம் திரும்புவதற்குள் சண்முகம் எனக்குப் போன் செய்தார். கட்டிலைக் கழற்றி எடுத்து வர வேண்டும் என்றார். பேசும்போதே குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்த பிறகு வண்டி வந்தால் நல்லது, தார்ப்பாய் போட்டுக் கொண்டுவந்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டார். இருட்டில் கழற்றினால் மரம் சிதையும், வெளிச்சத்தில்தான் வருவோம் என்றேன். சரிங்கம்மா, மூடிடுவீங்க இல்ல என்று மட்டும் மறுபடியும் கேட்டார். மூடிவிடுவோம் என்று நானும் சொன்னேன்.

ஏழுமலையும் நானும் காலையில் போய்ச் சேர்ந்தபோது சண்முகம் வாசலில் மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பேச்சுவார்த்தை முடிந்து ஊர்ப் பெரியவர்கள் கலைந்துவிட்டார்கள். பீரோவும் பாத்திரமும் முந்தின நாளே போயிருந்தன. தேவகி உள்ளே தன் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஊரிலேயே இல்லை. அறைக்குள் போனால், கட்டிலின் நடுவில் அவருடைய அம்மா சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் நின்றோம். அவர் நகரவில்லை. ஏழுமலை ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இப்படிப்பட்ட இடத்தில் ஆம்பிளைகள் குரலை உயர்த்தினால் அன்றைக்கு வேலை நடக்காது, அடுத்த நாள் போலீஸ் ஸ்டேஷனில்தான் போய் நிற்க வேண்டும். ஏழுமலையை வெளியே போகச் சொல்லிவிட்டு நான் அந்தம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அதற்காகவாவது எழுந்திருப்பார் என்று ஒரு நப்பாசை. அவர் உட்கார்ந்த இடத்தில் இருந்தே உள்ளே குரல் கொடுத்தார். அவருடைய இளைய மகள், கல்யாண வயதுப் பெண், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடிப்போனாள்.

"பாத்தியாம்மா அவள?" என்றார் அந்தம்மா. "தையில பொண்ணு பாக்க வர்றேன்னு சொல்லிக்கிறாங்க. பட்டப்பகல்ல இந்த காட் தெருவுல போச்சுன்னா எவன் வந்து நிப்பான்? ராவுல எடுத்துக்கினு போங்க. இல்லன்னா மூடிக்கினு போங்க. நான் எந்திரிக்கிறேன்."

சண்டைக்காரி என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது, பெண்ணைப் பெற்ற யாருக்கும் அது புரியும். மூடுவதற்குத் தார்ப்பாய் கொண்டுவந்திருக்கிறோம் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் காலை நீட்டி இறங்கினார்.

ஏழுமலை போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். காலும் சட்டமும் பலகையும் ஒன்றொன்றாக வெளியே போயின. கடைசியில் தலைப்பலகையை வண்டியில் நிறுத்திக் கட்டிவிட்டு, தார்ப்பாயை உதறி விரித்தார். அந்தச் சத்தத்துக்கே பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. அப்போது தேவகி புத்தகப் பையோடு படி இறங்கி வந்தாள்.

"மூடாதீங்கண்ணே" என்றாள்.

சண்முகம் மரத்தடியில் இருந்து வந்து, சும்மா இரும்மா என்று அவள் கையைப் பிடித்தார். இருக்கிற மானமாவது மிஞ்சட்டும் என்றார். உள்ளே கதவிடுக்கில் அந்தம்மா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவகி குரலை உயர்த்தவில்லை. அப்பாவிடம் இல்லை, என்னிடம் பேசினாள்.

"அவருக்கு ஓசூர்ல ஏற்கெனவே குடும்பம் கீதுக்கா. புள்ள ஸ்கூல் போவுது. இந்த வூட்ல எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் சொல்லல. தப்பு பண்ணவங்க மூடிக்கினு போவட்டும். எங்கப்பா வாங்கிக் குடுத்த காட் எதுக்குக்கா மூடிக்கினு போவணும்?"

ஏழுமலை தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தபடி என் வார்த்தைக்காக நின்றார். இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, உங்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்க முடியாது. வண்டி பேசியவர் சண்முகம். மூடுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தவள் நான். சற்று முன்தான் அந்தம்மாவுக்கும் அதே வாக்கைக் கொடுத்து அவரைக் கட்டிலை விட்டு இறக்கியிருந்தேன். பெரியவரின் விதியும் அவர்கள் பக்கம்தான். இந்தப் பக்கம் தேவகி ஒருத்தி. அவளுக்காக இரண்டு பேருக்குக் கொடுத்த வாக்கை மீறினால் நாளைக்கு நம் கடை வார்த்தையை யார் நம்புவார்கள்? உள்ளே இருக்கும் அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன ஆகும்?

வேறு வழி தெரியாமல், தொழிலில் நான் முதலில் கற்ற கேள்வியையே எனக்குள் கேட்டுக்கொண்டேன். இதில் யார் படுக்கப் போகிறார்கள்? சண்முகம் இல்லை. அந்தம்மா இல்லை. நானும் இல்லை. இனிமேல் ஒவ்வொரு நாளும் இந்தக் கட்டிலில் படுத்து எழுந்திருக்கப் போகிறவள் இவள். ஒளித்து எடுத்து வந்த கட்டில் என்றால் அவளுக்கு அதில் தூக்கம் வராது. அவள் தலை நிமிர்ந்து போகிறாளா, முக்காடு போட்டுப் போகிறாளா என்பதை அவள் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் பார்க்கிறவர்கள்தான்.

"சுருட்டி வைங்க ஏழுமலை" என்றேன்.

கதவிடுக்கில் இருந்த முகம் உள்ளே போய்விட்டது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. சண்முகம் போய் டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தேவகி பின்னால் ஏறித் தலைப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைத் தனியாக விட மனம் வரவில்லை. சுருட்டிக்கொண்ட நரம்போடு நானும் சரக்கு வண்டியில் ஏறினேன். ஏழுமலை என்னைப் பின்னால் இருந்து தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் தேவகி சிரித்துவிட்டாள்.

தெருவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பையன் மட்டும் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். தேவகி அவனை நேராகப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் போனை இறக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மூடின வண்டி என்றால் உள்ளே என்ன என்று ஊர் ஊகிக்கும், ஊகத்துக்குக் கைகால் முளைக்கும். திறந்த வண்டியில் ஊகிக்க ஒன்றும் இல்லை. கட்டில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு அதன் சொந்தக்காரி நின்றாள். இத்தனை வருஷம் தார்ப்பாய் கட்டிய எனக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில், சாலையைக் கடக்க முடியாமல் வண்டி நின்றது. பஸ்ஸுக்குப் பஸ் ஓடிப் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். திறந்த கட்டில், பக்கத்தில் இளம்பெண். பார்க்கிற யாருக்கும் கல்யாணக் களைதான் தெரியும்.

"இன்னாம்மா, பொண்ணு சீரா? எந்த ஊருக்குப் போவுது?"

"எங்க ஊருக்கேதாம்மா" என்றாள் தேவகி. "திண்டிவனம். திரும்பி எடுத்துக்கினு போறேன்."

பூக்காரம்மா அவளை ஒரு முறை பார்த்தார். முன் சீட்டில் துண்டு போட்ட தலையையும் பார்த்தார். கூடையில் இருந்து ஒரு முழம் அளந்து அறுத்து, எட்டித் தலைப்பலகையின் மூலையில் செருகினார். நான் சில்லறைக்குப் பையைத் துழாவுவதற்குள் அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். முன்னால் பார்த்தேன். சண்முகம் துண்டை விலக்கிவிட்டு, பக்கக் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், தூசி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

திண்டிவனத்தில் அவர்கள் வீட்டில் ஒரு கூடம், ஓர் அறை. அறைக்குள் கட்டிலைப் போட்டால் சுவருக்குச் சுவர் முட்டும், கதவைத் திறக்க முடியாது. பரணில் ஏற்றிவிடலாம், இல்லையென்றால் கடைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் சண்முகம். தேவகி பலகைகளுக்கு நடுவில் நின்று யோசித்தாள். பிறகு, "ஒருத்தி படுக்குற அளவுக்கு அறுத்துக் குடுங்கக்கா" என்றாள்.

இத்தனை வருஷத்தில் டபுள் காட் கேட்டிருக்கிறார்கள், சிங்கிள் காட் கேட்டிருக்கிறார்கள். டபுளைச் சிங்கிளாக்கிக் கொடு என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அந்தக் கட்டிலை அப்படியே நம் கடைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். நம் ஆசாரி நெற்றியைச் சுருக்கினார். கல்யாணக் கட்டிலில் ரம்பம் வைத்தால் ஆகாது என்று இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. நடந்ததை உட்கார வைத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்தப் பெண் என்ன உயரம் என்று மட்டும் கேட்டார். மிஞ்சிய பலகையைத் தலைமாட்டுக்கு மேல் புத்தகத் தட்டாக மாட்டிக்கொடுத்தார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவராகச் செய்தார்.

இதில் இருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தனியாக ஒரு பெண் வந்து சிங்கிள் காட் கேட்டால், "டபுளே எடுத்துக்குங்க, பின்னால ஆகும்" என்று பல்லை இளிக்காதீர்கள். வீட்டில் எத்தனை பேர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று துருவாதீர்கள். யார் படுக்கப் போகிறார்கள் என்ற கேள்விக்கான பதில் உங்கள் எதிரிலேயே நிற்கிறது. அவள் உயரத்தைப் பார்த்துக் கட்டிலைக் காட்டுங்கள், போதும்.

மாப்பிள்ளையின் தங்கைக்கு அந்தத் தையில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. மயிலம் பக்கம் போகும்போதெல்லாம் கேட்க நினைப்பேன், கேட்கத் துணிவு வராது. சரியான முடிவு என்று நினைத்தாலும் அதற்கு விலை கொடுத்தது வேறு யாரோ என்ற எண்ணம் கூடவே இருக்கிறது. அதையும் உங்களிடம் மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கட்டில் தயாரானதும் எடுத்துப்போக சண்முகமே பட்டறைக்கு வந்தார். வழக்கம்போல ஒரு காலைத் தூக்கி எடை பார்த்தார். புத்தகத் தட்டைத் தடவிப் பார்த்தார். வண்டியில் ஏற்றியதும், பாலிஷ் புதுசு, ரோட்டுத் தூசி ஒட்டிக்கொள்ளும் என்று ஏழுமலை சீட்டுக்கு அடியில் இருந்து தார்ப்பாயை இழுத்தார்.

சண்முகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்ப்பா, மூடாத. பாக்குறவங்க பாக்கட்டும். எம் பொண்ணு படுக்குற காட்டு."

நாளை நீங்கள் வண்டியில் ஏறும்போது சீட்டுக்கு அடியில் அந்த நீலத் தார்ப்பாய் இருக்கும். அது மழைக்கு மட்டும்தான்.